பட்டுச்சீலையில் புளிசாதம்

அப்போதெல்லாம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், சிங்காநல்லூர்ப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் சமையலறையிலிருந்து புளிக்காய்ச்சல் வாசம் இறங்கி வரும். கூடவே வளையல் சத்தமும் வரும். மற்ற நாட்களில் அந்த வீட்டில் வளையல் சத்தம் கேட்காது. கேட்டால் அன்றைக்கு டூர் என்று அர்த்தம். நான் உடனே எழுந்து கழிவறைக்குப் போவேன்.

எல்லாம் பயத்தால் வருவது. எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடுகள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ஐந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, ஒரு நாள் எங்கேயாவது போய் வருவோம். பெரும்பாலும் ஆழியாறு அணை, அங்கிருந்து குரங்கு அருவி. மே மாதத்தில் அருவியில் தண்ணீர் இருக்காது. நாங்கள் குரங்குகளைப் பார்ப்போம், குரங்குகள் எங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பார்க்கும், சாயங்காலம் திரும்பிவிடுவோம். இதற்கு ஏற்பாட்டாளன் நான். தொழில், பம்ப்செட் உதிரிபாகக் கடை. கிணற்று மோட்டார் நின்றுபோய் வாழை வாடுகிறது என்று ஓடி வருகிற விவசாயிகளை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து ஆற்றுகிறவன். டூர் நாளில் என்னை ஆற்றத்தான் ஆள் கிடையாது. டிரைவர் தூங்கிவிட்டானோ, வேனில் பிரேக் பிடிக்குமோ, கேஸை மூடினோமோ, மூடினோம் என்று நினைப்பது போன வருஷத்து ஞாபகமோ. ஒருமுறை வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன். திருப்தி வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. ஆசாரியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வரும்வரை வேன் வாசலில் நின்றது.

"ஏனுங்க, டூருக்கு நாம போறமா, உங்க வயிறு போகுதுங்களா?" என்று என் மனைவி கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். காம்பவுண்டு முழுக்கக் கேட்கிற குரலில்.

அந்த மாதிரிக் காலைகளில் எனக்கு இருந்த ஒரே மருந்து, மாடிப்படி ஏறிப்போய் அந்த அக்காவைப் பார்ப்பது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. காம்பவுண்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. மாடி வீட்டு அக்கா, அவ்வளவுதான்.

மற்ற வீடுகளில் பெண்கள் நைட்டியில் நின்று சமைத்து, பாத்திரம் கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கடைசியில்தான் தாங்கள் கிளம்புவார்கள். அக்கா தலைகீழ். முதலில் குளித்து, முழு அலங்காரமும் முடித்து, அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். அலங்காரம் என்றால் ஏதோ நல்ல சேலை என்று நினைத்துவிடக் கூடாது. அரக்கு நிறத்தில் அகல ஜரிகை போட்ட முகூர்த்தப் பட்டு. முதுகில் மயில் வைத்து ஆரி வேலை செய்த ரவிக்கை. காதில் கல் ஜிமிக்கி, கழுத்தில் அதே கல்லில் அட்டிகை, இரண்டு கையிலும் வளையல், வளையலுக்கு மேலே வாட்ச். கொண்டை, கொண்டையைச் சுற்றி மல்லிகை, மல்லிகைக்கு நடுவே கனகாம்பரம், அத்தனைக்கும் உச்சியில் கூலிங் கிளாஸ். இவ்வளவையும் சுமந்துகொண்டு, இடுப்பில் ஒரு பழைய ஈரிழைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, அண்டாவில் புளிசாதம் கிளறுவார். புளிக்காய்ச்சல் கொதிக்கும்போது தெறிக்கும். சுவரில் தெறிக்கும், எட்டிப் பார்க்கிற என் சட்டையில் தெறிக்கும். அந்தப் பட்டில் ஒரு சொட்டு விழுந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, டிரைவர் போனே எடுக்க மாட்டீங்கறானுங்க."

"வண்டி ஓட்டிட்டு வருவானுங்க தம்பி. ஓட்டறப்ப எடுத்தாத்தான் நீங்க பயப்படோணும்."

எனக்கு வயிறு அடங்கிவிடும். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு குணம். அடுப்படியில் கனகாம்பரமும் பெருங்காயமும் கலந்த ஒரு வாசம் இருக்கும். வேறு எங்கேயும் அந்த வாசத்தை நான் மோந்ததில்லை.

ஒருநாள் கேலியாகக் கேட்டேன். "ஏனுங்கக்கா, கொரங்கு பாக்கறதுக்கு எதுக்குங்க இத்தன ஜரிகை?"

"போன வருசம் நீங்க போட்டுட்டுப் போன பனியனப் பாத்துப்போட்டு அதுக என்ன நெனச்சுதோ. காம்பவுண்டு மானத்த ஆராச்சும் காப்பாத்தோணுமில்லீங்க" என்றார், கரண்டியை நிறுத்தாமல்.

பிறகு அவராகவே காரணத்தையும் சொன்னார். கல்யாணமான புதிதில் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கூட்டுக் குடும்பம். அவிநாசித் தேருக்கு வீடே கிளம்பியது. கட்டுச்சோறு கட்டுவது புது மருமகளின் வேலை. கடைசிப் பொட்டலத்தையும் கட்டிக் காரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவசரமாகக் குளித்து, சேலை மாற்றி வாசலுக்கு வந்தால் இரண்டு கார்களும் போயிருந்தன. யாரும் வேண்டுமென்று விட்டுவிட்டுப் போகவில்லை. முன் காரில் இருந்தவர்கள் அவள் பின் காரில் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பின் காரில் இருந்தவர்கள் அவள் முன்னாலேயே போய்விட்டாள் என்று.

"உங்களத் தேடலீங்களா?"

"தேரு இழுத்து முடிஞ்சு, சோத்துப் பொட்டணத்தப் பிரிக்கறப்பத் தேடுனாங்களாமா. பரிமாற ஆளு வேணுமில்லீங்க." அக்கா சிரித்தார். "ஆனா புளிசோறு அருமையா இருந்துதுன்னு அத்தன பேரும் சொன்னாங்க தம்பி. அதச் சொல்லோணும்."

அன்றிலிருந்து எங்கே கிளம்புவதானாலும் முதலில் அலங்காரம், பிறகுதான் அடுப்பு.

"நைட்டியோட நின்னமுன்னா, 'நீ ஊட்டப் பாத்துக்க அம்மிணி'ன்னு சொல்ல எல்லாத்துக்கும் வாய் வரும். இப்பிடிச் சீல கட்டி நிக்கறவளப் பாத்து ஆருங்க தம்பி நிக்கச் சொல்லுவாங்க? கண்ணு கூசுமில்லீங்க" என்றார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அத்தனை வருஷத்தில் அந்தப் பட்டு ஒரு தடவைகூட ஆழியாறு போய்ச் சேரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் அண்ணன் என்போம். மில்லில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. டூருக்கு வரமாட்டார். வேன் என்றால் தலைசுற்றல், கட்டிக்கொண்டு போகிற ஆறிப்போன சோறு ஒத்துக்கொள்ளாது, மத்தியானம் ஆவி பறக்கச் சாப்பிட்டுப் பழகியவர். அதற்காக மனைவியைப் போகாதே என்று சொல்கிறவரா? கிடையவே கிடையாது.

நடப்பது இதுதான். வேன் வரும். டிரைவர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும், மூன்றாவது வீட்டு டீச்சர் எழுந்து ஜெபம் செய்வார். அவர் சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். பயணம் பத்திரமாக அமைய வேண்டும் என்று அவர் கேட்க, விபூதி பூசியவர்கள் உட்பட நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம். என் வேண்டுதல் தனியாக ஓடும். அந்த நேரம் பார்த்து மாடி வராந்தாவில் அண்ணன் வந்து நிற்பார். ஜெபத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், மெதுவாகச் சொல்வார்.

"போய்ட்டு வா அம்மிணி. எனக்கென்ன. மோர் இருக்குது, ஊத்திக் குடிச்சுக்கறேன்."

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அக்கா வண்டியில் இருக்கமாட்டார். கீழே நிற்பார், அந்த அலங்காரத்தோடு, ஜன்னல் வழியாகப் பாத்திரங்களைக் காட்டிக்கொண்டு. "செவப்பு மூடி புளிசாதம், நீல மூடி தயிர்சாதம். கொரங்குக்கு ஒண்ணும் குடுக்காதீங்க, பழகிக்கும்."

"வாங்கக்கா, அண்ணன் பாத்துக்குவாரு" என்போம்.

"இல்லீங்க, நீங்க போய்ட்டு வாங்க."

"அட, வாங்கக்கா."

"இருக்கட்டுமுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

எங்கள் ஊர் மரியாதை இரண்டு தடவை கூப்பிடச் சொல்லும். மூன்றாவது தடவை கூப்பிட்டால் கட்டாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். அக்காவும் இரண்டு தடவை இல்லீங்க என்பார். இரண்டு பக்கமும் முறை செய்தாயிற்று. வேன் கிளம்பிவிடும். வழியில் யாராவது ஒருவர், "பாவம், அந்த அக்கா வந்திருக்கலாம்" என்பார்கள். எல்லோரும் ஆமாம் என்போம். பிறகு பொள்ளாச்சி வந்துவிடும்.

கிளம்புவதற்கு முன்பே குரூப் போட்டோ எடுத்துவிடுவேன். திரும்பி வரும்போது எத்தனை பேர் முழுசாக இருப்போமோ என்ற பயம்தான். அந்தப் படங்கள் எல்லாம் இப்போதும் என் போனில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நடுவில் அக்கா. தெரியாதவர்கள் பார்த்தால், கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு அம்மாவை யாரோ சில வேலையற்றவர்கள் வழிமறித்து நிற்கிறார்கள் என்று நினைப்பார்கள். விரலால் தள்ளினால் அடுத்த படம் ஆழியாறு. அதில் அவர் இல்லை. எத்தனையோ தடவை தள்ளிப் பார்த்தாயிற்று. இப்போதும் தள்ளுகிற நேரத்தில், அடுத்ததில் இருப்பார் என்று ஒரு கணம் தோன்றிவிடுகிறது.

அக்காவும் அண்ணனும் இப்போது இங்கே இல்லை. நான் சொல்லப்போகிற அந்த வால்பாறை டூர் நடந்த வருஷம், தீபாவளி முடிந்ததும் மகன் வந்து இருவரையும் ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போனான். மேலே இப்போது ஐ.டி. பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பையன்கள், அடுப்பே பற்றவைப்பதில்லை. போன புதிதில் மே மாதமானால் அக்கா போன் செய்வார். "எங்க தம்பி இந்த வருசம்? டிரைவர் போன எடுக்கறானுங்களா?" என்பார். பிறகு ஒரு வருஷம் மகன் எடுத்து, அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, டூர் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் என்றான். அனுப்புகிறேன். நீல டிக் விழுகிறது. பார்த்தது அக்காவா மகனா, தெரியாது. படத்தின் நடுவில் இப்போதெல்லாம் தண்ணீர் கேன் நிற்கிறது.

வால்பாறைக்கு வருகிறேன். அந்த யோசனை என்னுடையதுதான், சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள், எதிரே இறங்கி வருகிற பஸ்கள். ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்க முடியவில்லை. அக்கா அதைக் கேட்டுவிட்டார்.

"வால்பாறைங்களா? நெசமாவா தம்பி?" அப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வானம் தெளிவாக இருக்கிற நாளில் அங்கிருந்து பார்த்தால் தெற்கே தூரத்தில் நீலமாக மலை தெரியும். "தோட்டத்த உட்டு இந்த ஊருக்கு வந்ததுலருந்து தெனமும் அந்த மலையப் பாக்கறேன். தெனமும் பாக்கற ஊட்டுக்கு ஒருக்காக்கூடப் போகாட்டி என்னுங்க மரியாதி?"

அடுத்த வாரமே ஒப்பணக்கார வீதிக்குப் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில், கோயம்புத்தூரில் ஸ்வெட்டர் கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அரக்குப் பட்டுக்குப் பொருத்தமாக, பொன் நிறப் பொத்தான்கள் வைத்தது. மேலே போட்டுக்காட்டி, ஜரிகை மறைகிறதா என்று என் மனைவியிடம் கேட்டார். வேர்வை வழிய வழிய நின்று கேட்டார்.

அன்று வழக்கம்போல் புளிசாதம், வழக்கம்போல் எலுமிச்சம்பழம், வழக்கம்போல் ஜெபம். நான் மட்டும் கண்ணை மூடவில்லை. டிரைவர் கண்ணை மூடியிருந்தான். மலைப்பாதையில் ஓட்டப்போகிறவன் இப்படி அசந்து மூடுகிறானே என்று அவனையே பார்த்துக்கொண்டு வேன் படியில் நின்றேன். அதனால்தான் எல்லாம் என் கண்ணில் பட்டது. மாடியில் அண்ணன் வந்தார். போய்ட்டு வா அம்மிணி, எனக்கென்ன, மோர் இருக்குது, ஊத்திக் குடிச்சுக்கறேன். ஒரு சொல் மாறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அக்காவின் கை நழுவி மடியில் இருந்த ஸ்வெட்டர்மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பொத்தான்களைத் தடவினார். பிறகு எழுந்து படிக்கு வந்தார்.

"தம்பி, சித்த வழி விடுங்க."

"வாங்கக்கா, அண்ணன் பாத்துக்குவாரு."

"இல்லீங்க தம்பி."

"அட, வாங்கக்கா."

"இருக்கட்டுமுங்க."

முறை முடிந்துவிட்டது. நான் நகர்ந்தேன். அக்கா தரையில் காலை வைத்தார். அப்போது பின் சீட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏனுங்க, நீங்க எறங்குங்க."

"நானா?"

"நீங்கதான். நீங்க வந்தா ஒவ்வொரு வளைவுக்கும் டிரைவர் தோளப் புடிச்சுத் தொங்குவீங்க. போன வருசம் அந்தாளு சட்டையே கிழிஞ்சுபோச்சு. நீங்க இருந்து அண்ணனுக்கு அரிசிம்பருப்பு ஆக்கிப்போடுங்க. உங்களுக்குப் பதிலா அக்கா வரட்டும்."

வேனே சிரித்தது. டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டான், தயவுசெய்து என்பதுபோல. அரிசியையும் பருப்பையும் ஒரே குக்கரில் போட்டு, வெங்காயம் பூண்டு தாளித்து இறக்குகிற சோறு அது. எங்கள் பக்கத்தில் நேரமில்லாத நாளில் எல்லா வீட்டிலும் அதுதான். ஆக்கத் தெரியாது என்று ஒரு வேன் நிறைய ஆட்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? இறங்கினேன்.

இப்போது அக்காவும் நானும் ரோட்டில் நின்றோம்.

"நீங்க போங்க தம்பி, அண்ணனுக்குச் சோறு நானே..."

"இல்லீங்க, நீங்க போங்க."

"அட, நீங்க போங்க."

ஹோட்டலில் பில்லுக்குச் சண்டை போடுகிறவர்கள் மாதிரி நின்றோம். இப்படியே விட்டிருந்தால் பொழுது சாய்ந்திருக்கும். என் மனைவி அக்காவின் கைப்பையை எடுத்து, வேனின் கடைசி மூலைக்கு வீசினாள்.

"அக்கா, உங்க பேக்கு பின்னால உழுந்துருச்சு. வந்து எடுத்துக்குங்க."

அக்கா பையை எடுக்க ஏறினார். கதவு சாத்திக்கொண்டது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

ஒரு டூர் வேனை வெளியே நின்று பார்ப்பது எனக்கு அதுதான் முதல்முறை. பின் கண்ணாடியில் அரக்கு நிறம் தெரிந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மாடியில் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் கையாட்டிக்கொண்டிருந்தேன், எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல்.

அந்த முற்பகலை நான் கழித்த விதத்தை விரிவாக எழுதினால் எனக்குத்தான் அவமானம். வேன் எங்கே போகிறது என்று மனைவிக்குப் போன் செய்தேன். செய்துகொண்டே இருந்தேன். கடைசியில், "மலை ஏறப் போறோமுங்க. இனிச் சிக்னல் இருக்காது. பிரேக்கு நல்லாவே புடிக்குது. வெக்கட்டுங்களா?" என்று வைத்துவிட்டாள். அரிசிம்பருப்புக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்க நினைத்திருந்தேன். சிக்னல் போயிற்று.

மாடிக்குப் போனேன். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எதுக்குங்க தம்பி சிரமம்? நா மோர் ஊத்திக் குடிச்சுக்கறேன்" என்றார். "சிரமமெல்லாம் இல்லீங்கண்ணா" என்று சமையலறைக்குள் போனேன். அது யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. அடுப்பு துடைத்திருந்தது. ஜன்னலோரம் ஒரு கனகாம்பரப் பூ கிடந்தது. அரிசி போட்டேன், பருப்பு போட்டேன், தண்ணீரை உத்தேசமாக ஊற்றினேன். குக்கர் மூடிக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு என்பதும், அது இல்லாவிட்டால் மூடி சும்மா ஒப்புக்கு இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. பம்ப்செட்டுக்கு எத்தனை வாஷர், எந்த அளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குக்கருக்கும் வாஷர் இருக்கும் என்று தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூடியின் நாலு பக்கமும் ஆவியும் கஞ்சியும் பீய்ச்சியடித்தன. அடுப்பை அணைக்கப் பக்கத்தில் போக முடியவில்லை. வாசல்வரை பின்னால் நடந்தே போய் அங்கே நின்றுகொண்டு, "அண்ணா, உங்களுக்குத் தொந்தரவு இல்லாட்டி சித்த இப்படி வர்றீங்களா?" என்றேன். உயிர் போகிற நேரத்திலும் எங்களுக்கு 'ங்க' போகாது.

அண்ணன் வந்தார். கஞ்சி மழையைப் பார்த்தார். ஒரு துணியால் கையை மூடி அடுப்பை அணைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார், குக்கரைக் காலி செய்து கழுவினார், அலமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ரப்பர் வளையத்தை எடுத்து மாட்டினார். சின்ன வெங்காயத்தை உரித்த வேகத்தில் எனக்கு ஏதோ புரியத் தொடங்கியது. கடுகு வெடித்தது. பூண்டு, வரமிளகாய், கறிவேப்பிலை. விசில் வந்து அடங்கியதும் தட்டு போட்டு, சுடச்சுடப் பரிமாறி, மேலே ஒரு கரண்டி நெய் விட்டார். எனக்கும் சேர்த்து.

ஒரு வாய் வைத்தேன். அக்கா வைப்பதைவிட நன்றாக இருந்தது.

"அண்ணா, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமுங்களா?"

"கண்ணாலத்துக்கு முந்தி மில்லுப் பசங்க சேந்து ரூம்ல இருந்தம். நாந்தான் ஆக்குவேன்."

"அக்காளுக்குத் தெரியுமுங்களா?"

"அவ கேட்டதில்ல."

"நீங்களும் சொன்னதில்லீங்களா?"

அவர் அடுத்த கவளத்தை மென்று முடித்தார். "சொன்னாப் போயிருவாளே தம்பி" என்றார்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நா ஒருக்காவும் போகாதன்னு சொன்னதில்ல. அவளும் போகோணும்னு சொன்னதில்ல. எறங்கி வந்துருவா. வந்துபோட்டு, கட்டுன சீலய உடனே மாத்த மனசு வராது அவளுக்கு. அன்னைக்குப் பொழுதுக்கும் அதோடயே ஊட்டுக்குள்ள நடப்பா. எனக்குச் சோறு போடுவா, டிவி பாப்பா, துணி மடிப்பா, எல்லாம் அந்தச் சீலையோட. நா பாத்துட்டே இருப்பேன்." நெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "உங்களுக்கெல்லாம் அங்க டூரு. எனக்கு இந்த ஊட்டுக்குள்ள."

காம்பவுண்டில் சாவு விழுந்தாலும் சிரிக்கவைக்க ஒரு வார்த்தை வைத்திருப்பவன் என்று எனக்குப் பெயர். அன்று நெய்யை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டேன். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அரிசிம்பருப்பு வேறு அத்தனை ருசியாக இருந்து தொலைத்தது. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

"இன்னைக்கு ஊடு கம்முனு கெடக்குது" என்றார் அண்ணன். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் வேன் வந்தது. எல்லோரும் முழுசாக இருந்தார்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன். கடைசியாக அக்கா இறங்கினார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது, பூ இல்லை, பட்டின் கரை நனைந்து முழங்கால்வரை சேறு ஏறியிருந்தது. புளிக்காய்ச்சலில் ஒரு சொட்டு வாங்காத பட்டு. நான் பதறி, "என்னுங்கக்கா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல தம்பி. அவரு சாப்புட்டாருங்களா?"

"சாப்புட்டாருங்கக்கா."

மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். யூடியூப் பார்த்துச் சமைத்தேன் என்று சொல்வதற்கு மத்தியானம் முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன். அக்கா நேராகச் சமையலறைக்குள் போய் குக்கரைத் திறந்து, ஆறிப்போன சோற்றில் விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார்.

"இது நீங்க வெச்சது இல்லீங்களே."

"யூடியூப்பு..." என்று தொடங்கினேன்.

"நாந்தான் வெச்சேன்." முன்னறையிலிருந்து அண்ணனின் குரல். டிவியின் சத்தம் நின்றுபோயிருந்தது.

அக்கா குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷத்து மே மாதங்களும் அவருக்குள் ஓடியிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது என் கண்ணில் பட்டது அவர் முதுகும், முதுகில் நனைந்த மயிலும்தான். தட்டை எடுத்தார். இருந்த சோறு முழுவதையும் போட்டுக்கொண்டார். சேறு பட்ட பட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். அண்ணன் வந்து சமையலறை வாசலில் நின்றார்.

அக்கா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"மேல போனதும் மேகம் எறங்கிருச்சுங்க தம்பி. பக்கத்துல நிக்கறவங்களே தெரியல. இத்தனையும் கட்டிட்டுப் போயிருக்கறேன், ஒருத்தரும் பாக்கல. எனக்கும் ஆரையும் தெரியல. தேயிலைக்குள்ள ஒரு பாறை இருந்துச்சு, அதுமேல உக்காந்துட்டேன். ஆரும் கூப்புடல. ஆருக்கும் பரிமாற வேண்டியதில்ல. எத்தன நேரம் உக்காந்தனோ தெரியல." ஒரு கவளம் மென்றார். "அப்பிடி நா உக்காந்ததே இல்லீங்க."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்பு சரியா இருக்குதா?"

"இருக்குதுங்க."

அண்ணன் மறுபடி கேட்டார். "அடுத்த வருசமும் போகோணுமா அம்மிணி?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் ஏற்கெனவே தீர்மானமானது. பாக்கலாமுங்க. உங்களுக்கு எப்பிடித் தோதோ அப்பிடிங்க. என் காது அந்தப் பதிலுக்குத் தயாராக இருந்தது. அக்கா தட்டில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கைகளை விரலால் கூட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"போகோணுமுங்க" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் வாசலிலிருந்து நகர்ந்து வழி விட்டார்.